எந்த வவுச்சர் முதலில்? அரச பல்கலைக்கழகப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேரவை உறுப்பினர்களே,

இலங்கையின் அரச பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிக்கிளையில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் உங்கள் மேசைக்கு வந்துசேரும் வரவு செலவுத் திட்டக் கோவையைத் தயாரித்தவர்களில் ஒருவன். 2022 இல் நாடு வங்குரோத்தானபோதும் அதற்குப் பிறகும் அந்தக் கிளையில்தான் இருந்தேன். அங்கிருந்து பார்த்த ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

நீங்கள் படித்து, திருத்தி, அங்கீகரிக்கும் அந்தக் கோவையில் செலவு வெட்டப்படுவதில்லை. அது காசோலை எழுதும் மேசையில் வெட்டப்படுகிறது. எந்த வவுச்சருக்கு, அதாவது எந்தக் கொடுப்பனவுச் சீட்டுக்கு, இந்த மாதம் பணம், எந்த வவுச்சர் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும் என்ற வரிசைதான் நெருக்கடிக் காலத்தில் பல்கலைக்கழகத்தின் உண்மையான வரவு செலவுத் திட்டம். அந்த வரிசை எந்தப் பேரவைக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அதை நீங்கள் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவையில் உங்களில் பலர் பீடாதிபதிகள். மற்றவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமித்த சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற நிர்வாகிகள், தொழில்துறையினர். எல்லோருக்கும் இந்தப் பொறிமுறை பழக்கமாக இருக்காது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பேரவை அங்கீகரிப்பது ஒரு தொகை. பாராளுமன்றம் ஒதுக்குவது, ஆணைக்குழு ஊடாகப் பகிரப்படுவது இன்னொரு தொகை. திறைசேரி மாதாமாதம் கையில் தரும் காசு மூன்றாவது தொகை. நல்ல காலத்தில் இந்த மூன்றுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்காது. கெட்ட காலத்தில் மூன்றாவது தொகை சுருங்கும். முதல் இரண்டும் தாளில் அப்படியே இருக்கும். ஆகவே கோவையைப் பார்த்தால் எதுவும் வெட்டப்படவில்லை என்றே தோன்றும்.

குறைந்த காசு வந்த மாதத்தில் என்ன நடக்கும்? முதலில் சம்பளம். அதில் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அடுத்தது சேமலாப நிதி போன்ற சட்டப்படியான கழிவுகள். பிறகு மின்கட்டணம், தண்ணீர், பாதுகாப்பு, துப்புரவு. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் குரல் கொடுக்க ஒருவர் இருக்கிறார். சம்பளம் பிந்தினால் தொழிற்சங்கம் வாயிலில் நிற்கும். மின்சாரம் தருபவர்கள் இணைப்பைத் துண்டிப்பார்கள். பாதுகாப்பு நிறுவனம் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொள்ளும். மிஞ்சியிருப்பவை ஆய்வுகூட இரசாயனங்கள், நூலகச் சந்தா, களப்பயணம், உபகரணத் திருத்தம், வருகை விரிவுரையாளரின் கொடுப்பனவு, ஊரில் இருக்கும் சின்ன விநியோகத்தரின் பட்டியல். இவற்றுக்காகக் குரல் கொடுக்க ஒருவரும் இல்லை. ஆகவே காத்திருப்பவை இவைதான். ஒரு பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறதோ அந்தச் செலவுகள்தான் வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நிதியாளர் என்ற பதவியில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வழி கிடையாது. கையில் பத்து ரூபா, கேட்பவர்கள் முப்பது ரூபாவுக்கு. பேரவை ஒரு முன்னுரிமையைச் சொல்லி வைக்காதபோது, சத்தமாகக் கேட்பவருக்கே கொடுக்க வேண்டி வருகிறது. ஒரு பட்டதாரி எதைத் தொட்டுப் பார்த்துப் படித்தார், எதைக் குறிப்பேட்டில் பார்த்து எழுதினார் என்பதையெல்லாம் மாதக் கடைசியின் அவசரத்தில் இருக்கும் ஒரு கணக்கு அதிகாரி தீர்மானிக்கும்படி விட்டுவிட்டோம்.

அந்த ஆண்டுகளின் கணக்கை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மின்கட்டணம் ஓகஸ்ட் மாதத்தில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறியது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஒரு செலவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகி, அதை ஒத்திவைக்கவும் முடியாது என்றால், அந்தக் காசு வேறெங்கோ இருந்துதான் வரவேண்டும். குரலில்லாத பட்டியல்களில் இருந்து வந்தது.

இன்னொரு விடயம் பலருக்கு மறந்திருக்கும். 2019 உயர்தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் நடந்தது. அதனால் அந்தத் தொகுதிக்குப் பல்கலைக்கழக அனுமதியைக் கூட்ட வேண்டி வந்தது. பிள்ளைகளை உள்ளே எடுத்தது சரியான முடிவு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கூடுதலாக வந்த அந்தப் பிள்ளைகள் முதலில் கொரோனாவுக்குள், பிறகு நெருக்கடிக்குள் படித்தார்கள். ஆட்கள் கூடிய அதே நேரத்தில் ஆய்வுகூடத்தின் அலுமாரி வெறுமையாகிக்கொண்டு வந்தது.

அந்த அலுமாரியை நேரில் பார்த்திருக்கிறேன். வருடாந்தப் பொருட்கணக்கெடுப்புக்காக ஓர் இரசாயன ஆய்வுகூடத்துக்குப் போனபோது, வெள்ளி நைத்திரேற்று என்று பெயர் ஒட்டிய பழுப்புநிறப் போத்தல் ஒன்று அடியில் ஒரு விரற்கடை அளவோடு இருந்தது. புதிய போத்தலுக்கான கோரிக்கைக் கடிதம் எங்கள் கிளையில் கிடந்தது. கேள்விப்பத்திரம் கோரி, விலை வந்து, அங்கீகாரம் கிடைப்பதற்குள் டொலர் ஏறிவிட்டதால், விநியோகத்தர் பழைய விலைக்குத் தர மறுத்துவிட்டார். அங்கே செய்முறை வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா? செய்துகாட்டுநராக இருந்த பிள்ளை முன் மேசையில் ஒரேயொரு சோதனைக் குழாயில் துளி விட்டுக் காட்ட, சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்து, வெண்ணிற வீழ்படிவு என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்றவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்காது. அவர்களும் வெண்ணிற வீழ்படிவு என்றே எழுதினார்கள். அந்த வகுப்பு நடந்ததாகத்தான் பதிவேட்டில் இருக்கிறது. வருகைப் பதிவும் ஒழுங்காக இருக்கிறது. கணக்காய்வில் அகப்படாத வெட்டு இப்படித்தான் இருக்கும்.

சரி, காசே இல்லாதபோது என்ன செய்வது என்று கேட்பீர்கள். காசு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்டபோது, 2025 அளவில் முதன்மைக் கணக்கில் (கடன் வட்டியைச் சேர்க்காத வரவு செலவில்) மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீத உபரி காட்டவேண்டும் என்ற இலக்கும் சேர்ந்தே வந்தது. திறைசேரி கையை இறுக்கத்தான் செய்யும். 2012 இல் விரிவுரையாளர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆறு இன்னும் கைக்கு எட்டவில்லை. அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு சதவீதம் வரும்வரை பேரவை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட முடியாது. உள்ள காசை எந்த வரிசையில் கொடுப்பது என்பதில் உங்களுக்கும் அதிகாரம் இருக்கிறது.

பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாண வளாகம் 1974 ஒக்டோபரில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கியபோது நாடு செழிப்பாக இருக்கவில்லை. அரிசிக்குப் பங்கீடு, பாணுக்கு வரிசை, உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏற்றம். அப்படிப்பட்ட காலத்திலும் இந்த நாடு ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கியிருக்கிறது. காசில்லை என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடிக்க நமக்கு உரிமை இல்லை.

நெருக்கடியில் எங்களுக்கு எளிதாகக் கிடைத்த சேமிப்புகள் சிலவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றைச் சேமிப்பு என்று எழுதியதே பிழையான கணக்கு என்பது என் கருத்து.

எரிபொருள் தீர்ந்துபோன 2022 ஜூன் மாதத்தில் வகுப்புகளை இணையவழிக்கு மாற்றினோம். வேறு வழி இருக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். அந்த மாதங்களில் விரிவுரை மண்டபங்களின் மின்கட்டணம் குறைந்தது, தண்ணீர்க் கட்டணம் குறைந்தது. அறிக்கையில் நல்ல செய்தியாகவே அது தெரிந்தது. ஆனால் அந்தச் செலவு மறைந்துபோகவில்லை. மாணவரின் வீட்டுக்கு இடம் மாறியது. டேட்டா அட்டை அவருடைய காசு. மின்வெட்டில் போனுக்குச் சார்ஜ் போட அயல்வீட்டு சோலார் தேடி அலைந்தது அவருடைய நேரம். வன்னியில் சிக்னல் பிடிக்க வீட்டுக்கு வெளியே வந்து வெயிலில் நின்ற பிள்ளைக்கும் கொழும்பில் பைபர் இணைப்போடு இருந்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள். பல்கலைக்கழகத்தின் மின்பட்டியலில் குறைந்த தொகையைக் கட்டியது யார் என்று எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

அடுத்தது ஆளணி வெற்றிடம். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அரச துறையில் ஆட்சேர்ப்பை நிறுத்தினார்கள். 2023 ஜனவரியில் வருமான வரி 36 சதவீதம் வரை ஏறியது. விரிவுரையாளர்கள் வெளியேறினார்கள். சிலர் ஓய்வாண்டு விடுமுறையில் போய்த் திரும்பவில்லை, சிலர் மேற்படிப்புக்குப் போய்ப் பிணைத்தொகையைக் கட்டிவிட்டு அங்கேயே தங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு பதவி வெறுமையானால், நிதிக்கிளையின் விரிதாளில் அது சம்பளத் தலைப்பில் ஒரு மிச்சமாகத்தான் தெரியும். அந்த மிச்சம் மற்ற ஓட்டைகளை அடைக்க உதவும். இப்படி இரண்டு மூன்று ஆண்டு போனால், வெற்றிடத்தை நிரப்பாமல் இருப்பதே நிர்வாகத்துக்கு வசதியாகிவிடும். யார் போவார் என்பதை வெளிநாட்டுச் சந்தை தீர்மானிக்கிறது. பொறியியல், மருத்துவம், கணினி என்று எங்கே வேலை கிடைக்குமோ அங்கிருந்து முதலில் போவார்கள். எந்தத் துறை இளைக்க வேண்டும் என்று கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவை ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. ஆனால் துறைகள் இளைத்துவிட்டன. போனவர்களின் பாடத்தை எடுக்கத் தற்காலிக உதவி விரிவுரையாளர்களாக வந்த இளம் பட்டதாரிகளின் கொடுப்பனவு வவுச்சரும் அதே வரிசையின் கடைசியில்தான் நின்றது. முதல் வேலை, கையில் காசில்லை, வாடகை அறை. மெதுவாக வந்து, ‘சேர், எங்கட வவுச்சர் போட்டிட்டீங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் சத்தம் போட்டதில்லை.

பணம் கொடுக்கத் தாமதிப்பதால் செலவு மிச்சமாகும் என்று நினைப்பதும் தவறு. கடதாசியும் டோனரும் கடனுக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த ஊர்க் கடைக்காரர், அடுத்த கேள்விப்பத்திரத்தில் அந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்த்துத்தான் எழுதுவார். இல்லையென்றால் விண்ணப்பிக்கவே மாட்டார். போட்டி குறையும், பெரிய ஒருவர் மட்டும் மிஞ்சுவார், விலை கூடும்.

கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் தூண்களை உங்கள் வளாகங்களிலேயே பார்க்கலாம். புதிதாக ஒன்றைத் தொடங்க முன், முடிந்த கட்டடத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம், எத்தனை ஆள், எவ்வளவு பராமரிப்பு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது போதும்.

சொந்த வருமானம் தேடுங்கள் என்று திறைசேரி சொல்கிறது. கட்டணம் வாங்கும் முதுமாணிக் கற்கைகள், வார இறுதி டிப்ளோமாக்கள், வெளிவாரிப் பட்டங்கள், வெளிநாட்டு மாணவர்கள். இவை கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வேலை செய்துகொண்டு படிக்க விரும்பும் ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் அவை தேவை. ஆனால் நெருக்கடிக்கு மருந்து என்று அவற்றை நம்பாதீர்கள். நாட்டில் காசில்லாத காலத்தில் கட்டணம் கட்டுபவர்களிடமும் காசிருக்காது. முகாமைத்துவமும் கணினியும் சம்பாதிக்கும். மெய்யியலும் தாவரவியலும் தமிழும் என்ன செய்யும்? சம்பாதிக்கும் பீடம் தன் வருமானத்தைத் தானே வைத்துக்கொண்டால், ஒரே வளவுக்குள் குளிரூட்டிய வகுப்பறையும் கூரை ஒழுகும் வகுப்பறையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கு பொதுநிதிக்கு வரவேண்டும், அந்தப் பொதுநிதி இளங்கலை மாணவரின் ஆய்வுகூடத்துக்கும் நூலகத்துக்கும் முதலில் போகவேண்டும் என்று பேரவை எழுத்தில் வைத்தால் இந்தத் தகராறு பாதி தீரும்.

பணக்கார நாட்டிலும் இதே சோதனை வந்தது. 2009 இல் கலிபோர்னியா மாநிலம் நிதி நெருக்கடியில் விழுந்தபோது, கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. கூடச் சம்பளம் வாங்குபவருக்கு 26 நாள், குறைந்த சம்பளக்காரருக்கு 11 நாள். சம்பளம் ஏற ஏறக் கூடுதலாக இழக்கும்படி அளவு வைத்து, அதைப் பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையில் வெளிப்படையாக முடிவு செய்தார்கள். அது நல்ல பாடம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்தி, ஆண்டுக் கட்டணத்தை 10,000 டொலருக்கு மேலே கொண்டுபோனார்கள். மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றிப் போராடினார்கள். நெருக்கடி முடிந்த பிறகும் கட்டணம் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945 இல் நமக்குப் பெற்றுத்தந்த இலவசக் கல்வியை ஒரு கெட்ட ஆண்டின் பற்றாக்குறைக்காகத் தளர்த்திவிட்டால் பிறகு இறுக்க முடியாது என்று எனக்கு அந்த ஊர் அனுபவம் சொல்கிறது.

மாணவரின் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் நெருக்கடிக்கு முன்பும் மாதம் 5,000 ரூபா, உணவு விலை இரட்டிப்பான 2022 செப்டெம்பரிலும் 5,000 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அதை 7,500 ஆக்கினார்கள். அதை உயர்த்துவது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் சிற்றுண்டிச்சாலைக்காரரிடம் வாங்கும் வாடகை உங்கள் கையில் இருக்கிறது. அவர் கட்டும் மின்கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பதா என்பதும் உங்கள் கையில். அந்த வாடகையை விட்டுக்கொடுத்தால் பல்கலைக்கழகம் இழக்கும் தொகை உங்கள் கோவையில் ஒரு வரிக்குக்கூட வராது. ஆனால் சோற்றுப் பார்சலின் விலையில் அது தெரியும். காலையில் வெறும் தேநீரோடு வந்து, மத்தியானம் இரண்டு பேர் ஒரு பார்சலைப் பகிர்ந்து சாப்பிட்டு, பின்னேரச் செய்முறை வகுப்புக்குப் போன பிள்ளைகளை அந்த ஆண்டு எல்லா வளாகங்களிலும் காணக்கூடியதாக இருந்தது. உதவிப்பணம் கொழும்பில் இருந்து பிந்தினாலும், மாணவருக்குச் சொன்ன திகதியில் கொடுப்பதற்கு ஒரு சிறு கைமாற்று நிதியை ஒவ்வொரு பேரவையும் ஒதுக்கி வைக்கலாம். காசு வந்ததும் அதில் திரும்பச் சேர்ந்துவிடும். செலவே இல்லாத உதவி அது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆண்டுத் திட்டத்தை அங்கீகரிக்கும் அதே கூட்டத்தில், காசு நூற்றுக்கு எண்பது மட்டும் வந்தால் எது காத்திருக்கும், அறுபது மட்டும் வந்தால் எது காத்திருக்கும் என்ற கொடுப்பனவு வரிசையையும் அங்கீகரியுங்கள். சம்பளத்துக்கு அடுத்த இடத்தில் இளங்கலை ஆய்வுகூடம், நூலகம், மாணவர் நலன், தற்காலிக ஆசிரியர் கொடுப்பனவு ஆகியவற்றை வையுங்கள். விழா, வாகனம், விருந்தினர் உபசாரம், புதிய தளபாடம் கடைசிக்குப் போகட்டும். அந்த வரிசையை நிதியாளரின் கையில் கொடுத்தால் அவருக்கும் அது பெரிய பாதுகாப்பு. யார் வந்து மேசையைத் தட்டினாலும், பேரவைத் தீர்மானம் என்று காட்டலாம்.

மாதம் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அங்கீகரித்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, கட்டாமல் கிடக்கும் பட்டியல்கள் எத்தனை, அவற்றில் மூன்று மாதம் கடந்தவை எவை, நிரப்பாத பதவிகள் எந்தெந்தத் துறையில். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். இந்தத் தகவல் எல்லாம் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் எப்படியும் வரும். ஆனால் அது வரும்போது அந்தத் தொகுதி மாணவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். பிறகு அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழுவுக்கு முன்னால் துணைவேந்தர் நின்று விளக்கம் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கும் மேல் நீண்டது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இல்லாத இடத்தில், ஒருவர் கேட்பதை மற்றவர் தன் பங்கில் விழும் வெட்டாகவே பார்ப்பார். ஊழியரும் மாணவரும் விரிவுரையாளரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசினால் அந்தச் சந்தேகம் குறையும்.

இப்போது டொலர் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, மின்கட்டணமும் உச்சத்தில் இருந்து இறங்கிவிட்டது, இனி எதற்கு இது என்று தோன்றலாம். இதை எழுதவேண்டிய நேரம் இதுதான். காசு தட்டுப்படத் தொடங்கிய பிறகு வரிசை எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு பீடமும் தன் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் கொடுப்பனவு முன்னுரிமை என்று ஒரு விடயத்தைச் சேருங்கள். அந்த விடயம் பேசப்படும்போது மாணவர் ஒன்றியப் பிரதிநிதிகளையும் ஓர் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அழைத்து உட்கார வையுங்கள். எந்த அலுமாரியில் என்ன இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நன்றியுடன்,
நிதிக்கிளையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் உத்தியோகத்தர்